திரும்பி வந்த புற்றுநோயும் உறையவைக்கும் சிகிச்சையும்

நேயர்களுக்கு வணக்கம். தை மாதத்தில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் துகள் உறைபனி விழுந்த காலையில் தேயிலைக் கொழுந்து பச்சையாகவே நிற்கும். வெயில் ஏறிய பிறகுதான் கருகும். உறைவதும் உருகுவதும் சேர்ந்து திசுவை அழிக்கும் இந்த இயல்பைக் கொண்டே, கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின்னர் புரஸ்டேட் சுரப்பியில் மீண்டும் தலைதூக்கும் புற்றுநோய்க்குச் சிலரிடத்தில் சிகிச்சை செய்கிறார்கள்.

மயக்க மருந்து கொடுத்து, விதைப்பைக்கும் மலவாசலுக்கும் இடைப்பட்ட தோல் வழியே மெல்லிய ஊசிகளைச் சுரப்பிக்குள் செலுத்தி, மலக்குடலில் வைத்த ஸ்கேன் கருவியின் படத்தைப் பார்த்தபடி ஆர்கன் வாயுவைச் செலுத்தும்போது, ஊசிமுனையில் பனியுருண்டை திரண்டு வளர்வது திரையில் தெரியும். சுரப்பியின் வெப்பநிலையை மறை 40 பாகை செல்சியஸ் வரை இறக்கி, ஹீலியத்தால் உருகவைத்து, மறுபடியும் ஒரு முறை உறையவைப்பார்கள். பனிப்பளிங்குகள் கலங்களின் சவ்வைக் கிழிக்கின்றன. நுண்ணிய இரத்தக்குழாய்கள் அடைபட, மிஞ்சிய கலங்களும் ஊட்டமின்றி மடிகின்றன. சிறுநீர் வழி மட்டும் உறையாதிருக்க, அதனுள் இளஞ்சூட்டு நீர் ஓடும் குழாயொன்று இருக்கும்.

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர், கோத்தகிரியிலுள்ள மைத்துனர் சொல்லக் கேட்டு, இதைச் செய்யலாமா என்று என்னிடம் வந்தார். பொலித்தீன் பையிலிருந்து எடுத்தது கடைசி பி.எஸ்.ஏ. (புரஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் ஒரு புரதம் இரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை) அறிக்கை ஒன்றை மட்டுமே. கதிர்வீச்சுக்குப் பின்னர் இறங்கிய மிகக் குறைந்த அளவைவிட மில்லிலீட்டருக்கு 2 நானோகிராம் கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கொள்வோம். முதல் ஓரிரு ஆண்டுகளில் அளவு சற்று ஏறித் தானாகவே இறங்குவதும் உண்டு. ஆகவே ஒற்றைத் தாளை வைத்து எதையும் சொல்ல இயலாது. நோய் சுரப்பிக்குள்தான் இருக்கிறது என்பதைத் திசுப் பரிசோதனையும், எலும்புக்கோ நிணநீர் முடிச்சுக்கோ பரவவில்லை என்பதை ஸ்கேன்களும் காட்ட வேண்டும். பரவியிருந்தால், சுரப்பியை மட்டும் உறையவைப்பதில் பயனில்லை.

பக்கவிளைவுகளை நான் மறைப்பதில்லை. கதிர்வீச்சு பட்ட திசு ஆறுவது மெதுவாகவே நடக்கும். ஆண்மைக் குறைவு பலருக்கு ஏற்படுகிறது. சிலருக்குச் சிறுநீர் அடங்காது. அரிதாக மலக்குடலுக்கும் சிறுநீர் வழிக்கும் இடையே துளை விழுவதுண்டு.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "டாக்டர் ஐயா, சிகிச்சைக்குப் பின்னர் சிறுநீர் வடியப் போடும் குழாயோடும் பையோடும் பஸ்ஸில் ஏறலாமா?" என்றார். ஏறலாம், பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், மடியில் வைக்கக் கூடாது என்று சொல்லி, பழைய அறிக்கைகளையெல்லாம் திகதி வரிசையில் அடுக்கி எடுத்துவரச் சொன்னேன்.