ஆண்களை அழவிடாமல் தடுப்பது வீடா, ஊரா? – 'வீடே' அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரம் ஆகியும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஊர் மேல் இரண்டு குற்றங்களைச் சுமத்திவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்தில் அழுகிற பையனைக் கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்கிறார்கள் என்றார். 'சிரிக்கிற பொம்பளையையும் அழுகிற ஆம்பளையையும் நம்பாதே' என்று ஊர் பழமொழியே கட்டி வைத்திருக்கிறது என்றார். இரண்டும் உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழமொழியை இங்கே இருக்கும் யாராவது ஊர்ச் சுவரில் படித்துத் தெரிந்துகொண்டோமா? திண்ணையில் தாத்தா சொன்னார், அடுப்படியில் அப்பத்தா சொன்னார். ஒரே சொல்லில் பெண்ணின் சிரிப்பையும் ஆணின் அழுகையையும் சேர்த்துக் கெடுத்த பழமொழி அது. கேலி செய்த பையன்களும் அதை வீட்டிலிருந்து கொண்டுவந்தவர்கள்தான்.

விளையாடப் போன பையன் முட்டி பெயர்ந்து ரத்தத்தோடு வருகிறான். மருந்தை எடுப்பதற்கு முன்னால் வீட்டில் வருகிற முதல் வார்த்தை என்ன? "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" அதே முட்டி அவன் தங்கைக்குப் பெயர்ந்தால் அவளை மடியில் தூக்கி வைத்து ஊதிவிடுகிறோம். காயம் ஒன்றுதான், மருந்தும் ஒன்றுதான். மடி மட்டும் ஒருவருக்குத்தான். ஐந்து வயதில் அவனுக்கு ஊர் என்றால் என்னவென்றே தெரியாது, நடுவர் அவர்களே. அவனுக்குத் தெரிந்த உலகமே வீடுதான்.

சரி, ஊர் உண்மையிலேயே ஆணின் கண்ணீரைத் தாங்காதா? 2019 செப்டம்பர் 7-ஐ நினைத்துப் பாருங்கள். சந்திரயான் 2-இன் விக்ரம் கலம் நிலவுக்கு மேலே 2.1 கிலோமீட்டர் உயரம் வரை சரியாக இறங்கி வந்தது, அதன் பிறகு தொடர்பு அறுந்துபோனது. அன்று காலை பெங்களூரில், கேமராக்களுக்கு முன்னால், இஸ்ரோ தலைவர் சிவன் பிரதமரின் தோளில் சாய்ந்து அழுதார். கன்னியாகுமரி மாவட்டத்துச் சரக்கல்விளையில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்து அந்த நாற்காலிக்கு வந்தவர். 'இந்த ஆளை நம்பி ராக்கெட் விடுவதா' என்று சொல்லி அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்களா? 2022 ஜனவரி வரை அதே பொறுப்பில் இருந்தார். அடுத்த முயற்சி 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கியும் விட்டது. 2022-இல் லண்டனில் டென்னிஸ் வீரர் பெடரர் தன் கடைசி ஆட்டத்தை முடித்தபோது, காலமெல்லாம் அவரோடு மோதிய நடால் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

இன்னும் பின்னால் போவோம். தொல்காப்பியம் மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகள், எட்டு என்கிறது. நகைக்கு அடுத்து இரண்டாவதாக நிற்பது அழுகை. பெண்ணுக்கு மட்டும் என்று அங்கே எழுதவில்லை. அது பிறக்கும் காரணங்களாக இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை என்று நான்கைச் சொல்கிறது. இந்த நான்கும் ஆணைத் தொடாதா? சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை மனைவியைச் சிதையில் வைத்துவிட்டு, 'இன்னும் வாழ்வல்' என்கிறான். அவள் போன பிறகும் நான் உயிரோடு இருக்கிறேனே, இது என்ன இயல்பு என்று ஒரு வேந்தன் புலம்பிய பாட்டு அது. ஊர் அந்தப் புலம்பலைக் கேட்டு முகம் சுளிக்கவில்லை. புறநானூற்றில் 245-ஆம் பாட்டாக இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறது.

அப்புறம் எங்கேதான் அடைபடுகிறது? ஒரு சாவு வீட்டுக்கு வாருங்கள்.

என் பெரியப்பா இறந்தபோது நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். உள்ளே பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். வெளியே பந்தலில் ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எப்போது எடுப்பது என்று மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவின் மூத்த மகன், என் அண்ணன், ஐஸ் பெட்டி வந்து இறங்கிய நேரத்தில் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு உடைந்துவிட்டான். உடனே ஒரு அத்தை வந்து அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். "நீயே இப்படி உடைஞ்சு போனா அம்மாவை யாருப்பா தேத்துறது?" அவ்வளவுதான். குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். டாக்டர் சான்றிதழ், பந்தல்காரர், மேளக்காரர்கள், வெளியூர்க்காரர்களுக்குத் தகவல் என்று விடிய விடிய ஓடினான். அவனுக்கு ஆறுதல் சொன்னவர்கள் குறைவு. கணக்குக் கேட்டவர்கள்தான் அதிகம்.

சுடுகாட்டில் "கடைசியா முகம் பார்க்கிறவங்க பார்த்துக்குங்க" என்று குரல் வந்தது. குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று வந்தான். கொள்ளி வைத்ததும் "திரும்பிப் பார்க்காமப் போ" என்றார்கள். போனான். இன்றுவரை அவன் அப்பாவைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை.

இதில் ஊர் எங்கே இருக்கிறது? கையைப் பிடித்துத் தூக்கியது சொந்த அத்தை. அவர் கெட்டவர் இல்லை, பாசத்தில் சொன்னார். பயத்திலும் சொன்னார். இவனும் விழுந்துவிட்டால் வீட்டைத் தாங்க யார் என்ற பயம். அதனால்தான் வீட்டின் தடை ஊரின் தடையைவிடப் பலமானது என்கிறேன். ஊர் கேலி செய்தால் வேறு தெருவுக்குப் போய்விடலாம். அன்போடு வாயை மூடுகிற கையை எப்படித் தள்ளுவது?

எதிரணியில் இன்னொருவர் கணக்கு ஒன்று சொன்னார். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். அதில் ஆண்கள் 1,22,724 பேர். கால்வாசிக்கும் மேல் தினக்கூலிகள். ஆகவே கடனும் வேலையின்மையும், அதாவது ஊர்தான் காரணம் என்றார். அதே அறிக்கையின் அடுத்த பக்கங்களையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். காரணங்களில் முதலிடத்தில் இருப்பது குடும்பப் பிரச்சினை, 31.7 சதவீதம். அழுதிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கடன், நோய், குடி எல்லாம் இதில் கலந்திருக்கிறது. ஆனால் வட்டிக்காரர் பகலில் வந்து கத்திவிட்டுப் போகிறார். ராத்திரி பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குக் கூட அந்தக் கடன் தெரியாது. சொன்னால் தன்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று நினைத்து மூடி வைக்கிறான். அந்த ராத்திரியில் அவனுக்கும் பேச்சுக்கும் நடுவில் நிற்பது ஊரா?

இந்த அடைப்பு அவனோடு நின்றுவிடுவதும் இல்லை. அழுகை, பயம், தோல்வி எதையும் காட்டக் கூடாது என்று வளர்ந்தவனுக்கு வீடு ஒன்றை மட்டும் அனுமதிக்கிறது: கோபம். அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டதும் டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கும் பிள்ளைகள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள். உள்ளே அழ வேண்டியது வெளியே அடியாக, வசவாக, தட்டை வீசுவதாக வருகிறது. அடி வாங்குகிறவள் மனைவி. இது ஆண்களுக்கான வழக்கு மட்டும் இல்லை, தாய்மார்களே. அவன் அழாததற்கு விலை கொடுப்பவர்கள் நீங்களும்தான். அவனுக்குத் துக்கம் இருக்கிறது என்பதால் அந்த அடி நியாயமாகிவிடாது. அது எங்கிருந்து வருகிறது என்றுதான் சொல்கிறேன். அவன் மனம்விட்டு அழுவது பெரும்பாலும் இரண்டு ரவுண்டு உள்ளே போன பிறகு, கடை வாசலில். விடிந்ததும் அதையும் 'போதையில உளறிட்டேன்' என்று திரும்ப வாங்கிக்கொள்கிறான்.

அரசாங்கம் 2022-இல் 14416 என்று கட்டணமில்லா எண் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. நம் மொழியிலேயே மனதில் இருப்பதைக் கொட்டலாம். இதை ஊர் செய்திருக்கிறது. தேவைப்படுகிறவர்கள் தயவுசெய்து கூப்பிடுங்கள். ஆனால் அந்த எண்ணைக் கூப்பிட ஒரு ஆண் மொட்டை மாடிக்குப் போய்க் கதவைச் சாத்துகிறான் என்றால், யாருக்குக் கேட்டுவிடும் என்று சாத்துகிறான்?

அடுத்த முறை ஒரு சாவு வீட்டில் மூத்த பையன் உடைந்து அழுதால், அவனைத் தூக்கிவிடாதீர்கள். பந்தல்காரருக்குப் பணம் கொடுக்க நாலு மாமன் மச்சான் இருக்கிறார்கள். சான்றிதழ் வாங்கச் சித்தப்பா போகட்டும். அவன் அப்பாவின் காலடியில் அவன் உட்காரட்டும்.

ஆண்களை அழவிடாமல் தடுப்பது வீடே என்று தீர்ப்பு தருமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.