வடக்கே போன இளவரசி

(வடசென்னையின் தண்டையார்பேட்டையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘மாயக்கதைகளில் வரும் அடங்காத இளவரசி நம் வீட்டுப் பெண்களுக்குச் செய்வது நல்லதா, கெடுதலா?’ ‘நல்லதே’ என்ற அணியில் பேசிய உரை.)

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, வேலை முடிந்து நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தண்டையார்பேட்டை மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு கதை சொன்னார். பேசும் கிளி, பறக்கும் பாய், தும்மினால் நெருப்பு வரும் குட்டிப் பூதம் எல்லாம் இருக்கிற ராஜ்யம். அதில் பதினைந்து வயது இளவரசி. அப்பா பேச்சைக் கேட்காமல் பூட்டிய அறையைத் திறக்கிறாள். உள்ளே இருந்த பெரிய பூதம் வெளியே வந்து ஊரையே தவளையாக்கிவிடுகிறது. ‘ஒரு பெண் அடங்காததால் ஒரு ஊரே தவளையானது பாருங்கள்’ என்று முடித்தார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன், அவ்வளவு அழகாகச் சொன்னார்.

சரி அண்ணே, அந்தப் பூதத்தை அரண்மனைக்குள் பூட்டி வைத்தது யார்? ராஜா. அடுத்த அறையில் பூதம் இருக்கிறது என்பதைப் பெற்ற மகளிடம் மறைத்தது யார்? அதுவும் ராஜாதான். ‘திறக்காதே’ என்றார், ஏன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திறந்திருக்கவே மாட்டாள் என்று நான் சாதிக்க வரவில்லை. பதினைந்து வயது, திறந்தும் இருப்பாள். ஆனால் கையில் ஒரு மந்திரக்கோலோடு போயிருப்பாள்.

நம் பாட்டிமார் சொன்ன கதைகளிலும் இதே விஷயம் உண்டு. ‘கிழக்கே போ, மேற்கே போ, தெற்கே போ, வடக்கே மட்டும் போகாதே.’ எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வடக்கே போகாதே என்று ராஜா சொன்ன இடத்தில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கை தூக்கினாள். ‘வடக்கதானே மிஸ் நாம இருக்கோம்?’

எனக்குச் சட்டென்று தொண்டை அடைத்துவிட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் புறப்பட்டது நம் ராயபுரத்திலிருந்து. காசிமேட்டு மீன் இல்லாமல் இந்த நகரத்தின் ஞாயிற்றுக்கிழமை நகராது. இருந்தும், வேலைக்கு மனுப் போட்டால் முகவரியைப் பார்த்து முகம் மாறுகிறவர்களை இங்கே எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? போகாதே என்று சொல்லப்பட்ட திசையில் பிறந்த பிள்ளைகளுக்கு, அந்தத் திசைக்குத் துணிந்து போய் அங்கே மருந்தும் நட்பும் இருப்பதைக் கண்டு சொல்லும் இளவரசியைத் தவிர வேறு யாரை நான் கதையில் கொடுப்பேன்?

‘இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம் மரபில் இல்லை’ என்றும் அண்ணன் சொன்னார். வாயாடிப் பெண்ணைப் பார்த்து ‘இது என்ன அல்லி ராஜ்யமா?’ என்று கேட்கிறோமே, அந்த அல்லி யார்? பாண்டியன் மகள். சிறு பெண்ணாக இருக்கும்போதே பகைவன் நீன்முகனைக் கொன்று மதுரையை ஆண்டவள். அவள் கதை பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சாகி ஊர் ஊராகப் போனது இதோ பக்கத்தில் இருக்கும் கொண்டித்தோப்பிலிருந்து! அந்தக் கதையில் கண்ணன் பாம்பாட்டியாக வருகிறான், அர்ச்சுனன் பாம்பாக வருகிறான், தூங்குகிற பெண் கழுத்தில் தாலி ஏறுகிறது. இதில் வரம்பு மீறியது யார் என்று கேட்டால் எல்லோரும் அல்லியைக் கைகாட்டுகிறோம். இது அநியாயம், நடுவர் அவர்களே.

இந்த இளவரசிகள் செய்கிற பெரிய ‘அடங்காமை’தான் என்ன? பெரும்பாலும் ‘எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம்’ என்பதுதான். 1929 சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 என்றது. அது 18 ஆக 1978 வரை ஆனது. கதையில் பிடிவாதம் என்று திட்டு வாங்கிய சொல்லைத்தான் பிற்பாடு சட்டமும் சொன்னது.

இப்போது தவளைக்கு வருகிறேன். அண்ணன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன். இளவரசி ஓடிப்போகவில்லை. குளக்கரையில் முழங்கால் நனைய உட்கார்ந்து ‘அப்பா, அப்பா’ என்று கூப்பிடுகிறாள். ஆயிரம் தவளை, எது அப்பா? எல்லாம் அவளைப் பார்க்கின்றன, ஒன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அதுதான் அப்பா! அதைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்கிறாள். மகள் பேசி முடிக்கும்வரை ராஜா கேட்டது அன்றைக்குத்தான். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து யோசித்து மந்திரத்தை முறிக்கிறார்கள்.

நான் இந்த இளவரசிக்காக இவ்வளவு தூரம் பேசுவது இதற்காகத்தான். அந்த ராஜ்யத்தில் தப்பு செய்தால் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது. நம் வீடுகளில்? டியூஷனிலிருந்து ஒரு நாள் தாமதமாக வந்தால் போனைப் பிடுங்குகிறோம், இரண்டாவது தடவை டியூஷனையே நிறுத்துகிறோம், மூன்றாவது தடவை தரகரைக் கூப்பிடுகிறோம். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாள். அப்போது வயது பதினேழு. கேரம் போர்டைச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்தாலே ‘வேலைவெட்டி இல்லாததுங்க’ என்று முணுமுணுக்கும் தெருக்கள் நம் தெருக்கள். விரல் நகத்தில் போரிக் பவுடரோடு வீட்டுக்கு வரும் மகளை ‘நாளைக்கும் போய் ஆடிட்டு வா’ என்று எத்தனை அப்பாக்கள் சொல்வார்கள்? போட்ட கோட்டைத் தாண்டிய மகள் திரும்பி வரக் கதவைத் திறந்து வையுங்கள் என்கிறேன், நடுவர் அவர்களே. தாண்டவே கூடாது என்று பூட்டுகிற வீட்டில் பூதம் வளரும்.

நேரம் முடிந்தது, மணி அடித்துவிட்டார்கள். அடுத்துப் பேச வரும் அண்ணனிடம் ஒரு கேள்வி. உங்கள் மகள் நாளைக்கு ஒரு தப்பு செய்துவிட்டால், அதை முதலில் யாரிடம் சொல்வாள்? உங்களிடமா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் பேச்சை ஆரம்பியுங்கள். நன்றி, வணக்கம்.