தகரப் பெட்டிக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருடமாகப் பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் நடத்துகிறேன். முதல் செமஸ்டர் கணிதத் தாளை எம்-ஒன் என்போம்; எம்-ஒன் மேடம் என்றால் எங்கள் வளாகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

2021-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம். கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றார்கள். வீட்டிலேயே முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைகள் பலர் உள்ளே வந்தார்கள். சரி, வந்த பிறகு? முதல் செமஸ்டரிலேயே எம்-ஒன் அரியர்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? முதல் இன்டர்னல் மார்க்கை வைத்து 'ஸ்லோ லேர்னர்' என்று பட்டியல் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம். சாயங்காலம் அவர்களுக்கு மட்டும் ரெமடியல் கிளாஸ். கல்லூரியை ஆய்வு செய்ய ஏதாவது குழு வந்தால் காட்ட ஒரு ஃபைலும் தயார். பட்டியலில் பெயர் வந்த பிள்ளை அதற்கப்புறம் வகுப்பில் சந்தேகமே கேட்காது. கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்திதான்.

அமெரிக்காவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1970-களில் இதே சிக்கல் இருந்தது. கருப்பின மாணவர்கள் கால்குலஸ் என்கிற நுண்கணிதத்தில் அதிகமாகத் தோற்றார்கள். அக்கறை இல்லை, வீட்டில் வசதி இல்லை, அடிப்படை போதாது என்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். யூரி ட்ரைஸ்மன் என்ற ஆய்வாளர் கருப்பின மாணவர்கள் இருபது பேர், சீன வம்சாவளி மாணவர்கள் இருபது பேர் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணம் எதுவும் நிற்கவில்லை. கருப்பின மாணவர்கள் கடுமையாகத்தான் படித்தார்கள், ஆனால் தன்னந்தனியாக. மற்றவர்களோ தனியாகப் படித்துவிட்டு, அப்புறம் ஒன்றாக உட்கார்ந்து ஒருவர் கணக்கை இன்னொருவர் திருத்தினார்கள்.

ட்ரைஸ்மன் அமைத்த பட்டறையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. சேர்ந்தவர்களுக்கு அவர் எளிய கணக்குக் கொடுக்கவில்லை, பாடத்தில் இருப்பதைவிடக் கடினமானதைக் கொடுத்தார்.

நாங்களும் பட்டியலைக் கிழித்துவிட்டு, எல்லா வகையான பிள்ளைகளையும் கலந்து மேசைக்கு ஆறு பேராக உட்கார வைத்தோம். சொல்வது எளிது! கல்லூரிப் பேருந்து ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும். ரொம்ப தூரத்து ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் இந்த நேரம் அதிகம் தேவை, அவர்களால்தான் தங்க முடியாது. கணிதத் துறை மட்டும் நினைத்து நடக்கிற காரியமில்லை. இயற்பியல் துறை வாரம் இரண்டு மணி நேரம் விட்டுக்கொடுத்தது. நூலகர் மேசைகளை ஒதுக்கி, இங்கே சத்தமாகப் பேசலாம் என்று எழுதியும் வைத்தார். ஆங்கிலத் துறையில் ஒருவர், தமிழில் யோசித்த விடையைப் பரீட்சைத் தாளில் எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்க வந்தார். விடுதிக் காப்பாளரை வழிக்குக் கொண்டுவரத்தான் ஒரு மாதம் ஆயிற்று.

ஒரு நாள் பழைய கணக்கு ஒன்றைக் கொடுத்தேன். சதுரத் தகரத்தின் நான்கு மூலையிலும் சிறு சதுரம் வெட்டி, மடித்துப் பெட்டி செய்ய வேண்டும். அதிகம் கொள்ள எவ்வளவு வெட்டலாம்? ஒரு மேசையில், அதுவரை வாயே திறக்காத பெண், "மேடம், எதுக்கு வெட்டணும்? எங்க அப்பா மூலையை உள்ளே மடிச்சு அடிப்பார், ஒழுகாது" என்றாள். காகிதத்தை எடுத்து மடித்தும் காட்டினாள். எதிரே இருந்த சி.பி.எஸ்.இ. பையன் அதை வாங்கிப் பிரித்துப் பார்த்து, "ரெண்டு வழியிலயும் கொள்ளளவு ஒண்ணுதான்" என்றான். பிறகு ஆறு பேரும் சமன்பாட்டை எழுதி வகையிட்டார்கள். தகரத்தின் பக்க நீளத்தில் ஆறில் ஒரு பங்கு என்று விடை வந்தது.

எனக்கு அதுவரை மடிக்கலாம் என்று தோன்றியதே இல்லை. இப்போதெல்லாம் அந்தக் கணக்கைக் கொடுக்கும்போது, வெட்டியோ மடித்தோ என்று சேர்த்தே எழுதுகிறேன்.

வணக்கம்.