பழைய ஹாஸ்டல் சுவருக்கு சிமென்ட் பூசலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம்ங்க, பர்மாவுல யாங்கோன் (ரங்கூன்) ஊர்ல இருக்குற திங்கன்ஜுன்லேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, அண்ணே, யாங்கோன் யூனிவர்சிட்டில இருக்குற மாதிரி வெள்ளக்காரன் காலத்து ஹாஸ்டல புதுப்பிக்கறப்போ, காரைய கொத்திட்டு சிமென்ட் பூசினா கெட்டியா நிக்காதான்னு.

பூசாதீங்க தம்பி. முதல்ல செங்கல் இடுக்குல ஆணியால கீறிப் பாருங்க, வெள்ளையா மாவு மாதிரி உதிர்ந்தா சுண்ணாம்புச் சாந்து. அந்தச் சுவரு தண்ணிய குடிக்கும், வெயில்ல வெளிய விட்டுடும். மேல சிமென்ட் போட்டீங்கன்னா வாய அடைச்ச மாதிரி, ஈரம் உள்ளயே நின்னு உப்பு பூத்து செங்கல் கொட்டும். நான் பாத்த ஒரு ஹாஸ்டல்ல கீழ்தளத்து ரூம், கட்டில் தலைமாட்டுல புதுப் பூச்சு பளபளன்னு இருந்துச்சு, விரலால தட்டுனா டொக்குன்னு சத்தம், ஓரத்த புடிச்சு இழுத்தேன், பலகை மாதிரி வந்துச்சுங்க, பின்னாடியே செங்கல் தோலும் சேந்து வந்துருச்சு, எனக்கு மனசே ஆறல.

அந்த யூனிவர்சிட்டி 1920ல ஆரம்பிச்சது. 1996 மாணவர் போராட்டத்துக்கு அப்புறம் இளங்கலை பிள்ளைங்கள வெளிய அனுப்பிட்டு 2013 டிசம்பர்லதான் திரும்ப சேத்தாங்க. ஆள் புழங்காத கட்டடத்துல ஓடு ஒன்னு நகந்தாகூட யாரு பாப்பா? அதனால மே மாசம் மழை புடிக்கறதுக்குள்ள கூரை, தண்ணி வழியற பைப்பு, சுத்தி இருக்குற சாக்கடை, இத முடிச்சிருங்க. அப்புறம் சுவரு காயணும், அவசரப்படாதீங்க. காஞ்சப்புறம் நல்லா நீத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூணு பங்கு, மெல்லிசா ரெண்டு மூணு தடவை பூசணும். அதுக்கு மேல பிளாஸ்டிக் பெயின்ட் அடிச்சா எல்லாம் வீணு.

வராண்டாவ அடைச்சு ஏசி போடவே போடாதீங்க, சாரல் சுவர்ல படாம காக்கறதே அதுதான், பிள்ளைங்க ஈர லுங்கி காயப்போட வேற எடம் ஏது சொல்லுங்க. வயரிங் மட்டும் மொத்தமா மாத்துங்க, ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ்னு இன்னிக்கு லோடு வேற, ஆனா சுவர வெட்டாம வெளிய பைப் ஓட்டுங்க.

செட்டிநாட்டுல பர்மா தேக்குன்னு பெருமையா காட்றோம், இங்க அதே தேக்கு ஜன்னல கழட்டி வீசிட்டு அலுமினியம் மாட்றாங்க, வயிறு எரியுது. அடிப்பக்கம் மக்கியிருந்தா அந்தத் துண்ட மட்டும் அறுத்து வேற தேக்கு ஒட்டு போட நல்ல ஆசாரி இருக்காங்க, கேளுங்க.

தம்பி, ஈரம் ஏறுன உசரத்துக்கு சுவர்ல சாக்பீஸ் கோடு போட்டு, தேதி எழுதி போட்டோ அனுப்புங்க, மழை முடிஞ்சதும் இன்னொன்னு எடுங்க, ரெண்டையும் வெச்சு பேசுவோம்.