சிக்னல் அறுந்த பிறகும் பறக்க வேண்டும்
(மதுரையில் பொறியியல் மாணவர்கள், பட்டறை உரிமையாளர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். மாணவர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். கப்பலூரிலும் கே.புதூரிலும் பட்டறை நடத்துகிறவர்கள் வந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பேச்சின் கடைசிப் பகுதி அவர்களுக்கானது.

ராணுவ ஆளில்லா விமானம் நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. இங்கிருந்து ராமேசுவரம் போகிற வழியில், ராமநாதபுரத்தைத் தாண்டினால் உச்சிப்புளி. அங்கே இருக்கிற ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளத்தில் 2012 முதல் ஆளில்லா விமானப் பிரிவு இயங்குகிறது. அங்கே பறப்பவற்றில் ஒன்று இஸ்ரேலின் ஹெரான். இறக்கையின் நீளம் 16.6 மீட்டர், உந்துவது 115 குதிரைத்திறன் கொண்ட ராட்டாக்ஸ் 914 பிஸ்டன் எஞ்சின். ஒரு சின்னக் காரின் எஞ்சினளவு சக்திதான். ஆனால் ஒரு நாள் முழுக்க வானில் நின்று கடலைப் பார்க்கும். அரக்கோணம் ராஜாளி தளத்தில் 2020 முதல் குத்தகைக்கு எடுத்த அமெரிக்க எம்கியூ-9 ஆளில்லா விமானங்கள் பறந்தன. அவற்றில் ஒன்று 2024 செப்டம்பரில் கோளாறாகி, சென்னைக்கு அப்பால் கடலில் இறக்கப்பட்டது. அடுத்த மாதமே அதன் புதிய வகையான எம்கியூ-9பி விமானங்கள் 31-க்கு அமெரிக்காவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது: கடற்படைக்கு 15, தரைப்படைக்கும் விமானப்படைக்கும் தலா 8.

இந்தப் பெரிய விமானங்களைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. எதிரியிடம் நல்ல வான்காப்பு இல்லாத இடத்தில் அவை அருமையான கருவிகள். இருக்கிற இடத்தில் அவை மெதுவாக நகரும் பெரிய இலக்குகள். யேமனில் ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் எத்தனையோ எம்கியூ-9களைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். கடல் கண்காணிப்புக்கு அவை நமக்குத் தேவை; எல்லைச் சண்டைக்கு அவற்றை மட்டும் நம்பக் கூடாது.

நான் சொல்ல வந்தது இதுதான்: ட்ரோனைப் பறக்க வைப்பது இன்று கல்லூரி மாணவருக்கே முடிகிற வேலை. எதிரி சிக்னலைக் கெடுக்கும்போதும், கடும் குளிரிலும், வெளிநாட்டு உதிரிபாகம் வராதபோதும் அதைப் பறக்க வைப்பதுதான் ராணுவம் கேட்கிற வேலை.

முதலில் சிக்னலை எடுத்துக்கொள்வோம். பெரிய விமானத்தைத் தளத்திலிருந்து நேர்ப்பார்வையில் சில நூறு கிலோமீட்டர் வரை ரேடியோவில் ஓட்டலாம். அதற்கு மேல் செயற்கைக்கோள் வேண்டும். புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. கட்டளை மேலே போய்க் கீழே இறங்க கால் விநாடி, படம் அதே வழியில் திரும்பி வர இன்னொரு கால் விநாடி. படத்தைச் சுருக்கி விரிக்கும் நேரமும் சேர்ந்தால் இன்னும் கூடும். காட்சியைப் பார்த்துக்கொண்டே இருக்க இந்தத் தாமதம் பரவாயில்லை. ஓடுபாதையில் சக்கரம் படுகிற நேரத்தில் இது விபத்து. அதனால்தான் ஏற்றுவதையும் இறக்குவதையும் தளத்திலேயே உட்கார்ந்திருக்கும் தனிக்குழு செய்தது. புதியவற்றில் அதை விமானமே செய்துகொள்கிறது.

உக்ரைன் போரில் ஆயிரக்கணக்கில் பறக்கும் எஃப்.பி.வி. ட்ரோனுக்குப் பிரச்சினை வேறு. ஓட்டுநர் கண்ணாடி மாட்டிக்கொண்டு கேமரா வழியே பார்த்து ஓட்டுகிறார். 10 அங்குல புரொப்பல்லர் கொண்டது இரண்டு மூன்று கிலோ சுமையுடன் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போகும். ஒத்தக்கடையில் நின்று அப்படி ஒன்றை யானைமலைக்கு அந்தப் பக்கம் இறக்க முயன்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மலைக்கு மேலே இருக்கும் வரை படம் தெளிவாக வரும். மறுபக்கம் தாழ இறங்கியதும் படத்தில் புள்ளி புள்ளியாக வரும். பிறகு வெறும் இரைச்சல். போர்க்களத்தில் மலையே வேண்டாம், சமதரையிலும் இதுதான் நடக்கும்.

காரணம், ரேடியோ அலை கயிறு கட்டினாற்போல ஒரே கோட்டில் போவதில்லை. நடுவில் தடித்து இரு முனையிலும் கூர்ந்த ஒரு வெளி அதற்குத் தேவை. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 8 கி.மீ. தூரத்துக்கு அந்த வெளியின் நடு ஆரம் சுமார் 10 மீட்டர். 900 மெகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 26 மீட்டர். ட்ரோன் தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு இறங்கினால் அந்த வெளியில் பெரும்பகுதியை மண்ணும் மரமும் அடைத்துவிடும். வேலை முடிய வேண்டிய கடைசி நூறு மீட்டரில்தான் இது நடக்கிறது. சிக்னலைக் கெடுக்கும் எதிரியின் ஜாமரும் அங்கேதான் பக்கத்தில் இருக்கும். முதலில் சாவது படம். ஏனென்றால் வீடியோவுக்கு அகலமான அலைவரிசை வேண்டும். கட்டளைக்குச் சில பைட்டுகள் போதும், அது இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

இதற்கு மூன்று வழிகள் வந்திருக்கின்றன. உயரத்தில் இன்னொரு ட்ரோனை நிறுத்தி அதன் வழியே சிக்னலை மாற்றி அனுப்புவது ஒன்று. இரண்டாவது, 2024-இல் முன்னணிக்கு வந்த கண்ணாடி இழை. கால் மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள ஃபைபரை ட்ரோன் பின்னால் விட்டுக்கொண்டே போகும். ரேடியோவே இல்லை என்பதால் ஜாமர் பயன்படாது. தரையை ஒட்டிப் பறந்தாலும் படம் பளிச்சென்று இருக்கும். அதற்கு விலை உண்டு. 10 கி.மீ. சுருளே ஒரு கிலோவுக்கு மேல் எடை. அவ்வளவு சுமை குறைந்துபோகும். சட்டென்று திரும்பினால் இழை புரொப்பல்லரில் சிக்கும். மரக்கிளையிலும் முள்வேலியிலும் மாட்டி அறும். போன வழியே திரும்பி வருவது பெரும்பாலும் நடக்காது. மூன்றாவது வழி, கடைசிக் கட்டத்தை ட்ரோனின் சொந்தக் கணினியிடமே விடுவது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது ஜிபிஎஸ். 20,000 கி.மீ.க்கும் மேலிருந்து வரும் அந்த சிக்னல் தரையைத் தொடும்போது மிக மிகப் பலவீனமாக இருக்கும். சிறிய டிரான்ஸ்மிட்டரே அதை மூழ்கடித்துவிடும். இன்னும் சாமர்த்தியமான எதிரி பொய்யான இடத்தையே காட்டுவான். பல ஆன்டெனாக்களைச் சேர்த்து, ஜாமர் வரும் திசையை மட்டும் செவிடாக்கும் முறை இருக்கிறது. நாலு ஆன்டெனா இருந்தால் மூன்று திசைகளை அடைக்கலாம். ஐந்தாறு ஜாமர் வைத்தால் அது திணறும். கேமராவில் தெரியும் நிலத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டு வழி கண்டுபிடிப்பது இன்னொரு முறை. நெல் அறுத்த வயலும் நடவு முடிந்த வயலும் ஒன்றுபோல் இருக்காது. கோடையில் எடுத்த படத்தை ஐப்பசியில் நம்ப முடியாது. கடல்மேல் ஒப்பிடவே எதுவும் கிடையாது. உச்சிப்புளியிலிருந்து புறப்படும் விமானத்துக்கு இந்த முறை கரையோரத்தோடு சரி.

படைகள் ட்ரோனைப் பயன்படுத்தும் விதத்தில் ஒன்று மட்டும் மாறவே இல்லை: ட்ரோனைத் தூண்டிலாக அனுப்பி, எதிரியின் வான்காப்பு எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்க வைப்பது. 1982 ஜூன் 9-இல் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் இஸ்ரேல் ஆளில்லா விமானங்களைப் பறக்கவிட்டு, சிரியாவின் ரேடார்களை இயங்க வைத்தது. இயங்கிய ரேடார் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. 19 ஏவுகணைத் தளங்களில் பெரும்பாலானவை அன்றே அழிந்தன. 2020-இல் அஜர்பைஜான் பழைய ஆன்-2 விமானங்களை ஆளில்லாமல் அனுப்பி ஆர்மீனியாவிடம் அதையே செய்தது. 2025 மே 8 இரவு லே முதல் சர் கிரீக் வரை 36 இடங்களில் பாகிஸ்தான் 300 முதல் 400 ட்ரோன்களை அனுப்பியதாக நம் அரசு அறிவித்தது. நம் வான்காப்பை நோட்டம் பார்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று என்றும் சொன்னது. அன்று பெரிய வேலை செய்தவற்றில் ஒன்று எல்-70 பீரங்கி. அறுபதுகளிலிருந்து நம் படையில் இருக்கும் 40 மி.மீ. பீரங்கி அது, புதிய கேமராவும் கணினியும் பொருத்தியது. எனக்கு அது பெரிய பாடமாகப் படுகிறது. சில ஆயிரம் டாலர் ட்ரோனுக்கு பல லட்சம் டாலர் ஏவுகணையைச் செலவழிக்கும் நாடு, ஜெயித்துக்கொண்டே தோற்கும். லேசரும் வருகிறது. நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. 2025 ஏப்ரலில் கர்நூலில் 30 கிலோவாட் லேசரால் ஆளில்லா விமானத்தை வீழ்த்திக் காட்டியது. ஆனால் பனியும் தூசியும் மேகமும் லேசருக்கு எதிரிகள்; பீரங்கியைத் தூக்கிப் போட்டுவிட முடியாது.

எதிர்காலம் எந்தப் பக்கம்? ஆளுள்ள போர்விமானத்தோடு துணையாகப் பறக்கும் ஜெட் ட்ரோன்கள் வருகின்றன. எச்.ஏ.எல். நிறுவனத்தின் வாரியர் 2025 ஜனவரியில் தரையில் எஞ்சின் சோதனையை முடித்தது. வாலில்லாத கத்தக் என்ற தாக்குதல் ட்ரோனுக்கு முன்மாதிரியான ஸ்விஃப்ட் 2022 ஜூலை 1-இல் சித்ரதுர்கா சோதனைத் திடலில் முதன்முறை பறந்தது.

இதைவிட முக்கியமானது, முன்பு சொன்ன மூன்றாவது வழி. ஓட்டுநர் திரையில் ஒரு இலக்கைக் குறித்துவிட்டால், சிக்னல் போனாலும் ட்ரோனே படத்தைப் பின்தொடர்ந்து போகும். புகையும் நிழலும் குறுக்கே வந்தால் அது பிடியை விட்டுவிடும். மரத்தில் செய்த பொம்மை பீரங்கியை நிஜம் என்று நினைக்கும். அது பொறியியல் சிக்கல், தீர்த்துவிடலாம். தீர்க்க முடியாதது வேறு. இலக்கைக் குறிப்பதையும் கருவியிடமே விட்டால், ஆயுதம் போட்டுவிட்டுக் கைதூக்கியவனை அது அடையாளம் காணாது. அதன் மென்பொருளை எழுதிய யாரும் நீதிமன்றத்தில் நிற்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இந்தத் தன்னியக்க ஆயுதங்களைப் பற்றி வந்த தீர்மானத்தை இந்தியா எதிர்த்து வாக்களித்தது. ஜெனீவாவில் நடக்கும் பேச்சுவார்த்தைதான் சரியான மேடை என்பது நம் நிலை. மேடை எதுவாக இருந்தாலும், கொல்லும் முடிவு ஒரு மனிதனின் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்பதை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. இதை எந்த சபையிலும் சொல்வேன்.

இப்போது உதிரிபாகம். 2020 அஜர்பைஜான்-ஆர்மீனியா போரில் துருக்கியின் டிபி2 ட்ரோன் பெயர் வாங்கியதும், அதன் ராட்டாக்ஸ் எஞ்சினைத் தயாரித்த நிறுவனம் விற்பனையை நிறுத்திவைத்தது. 2025 ஏப்ரலில் சீனா சில அருமண் உலோகங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. ட்ரோன் மோட்டார் ஒவ்வொன்றிலும் நியோடிமியம் காந்தம் இருக்கிறது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் நியோடிமியம் உண்டு. ஆனால் சூட்டைத் தாங்கும் காந்தத்துக்குத் தேவையான டிஸ்புரோசியம் என்ற அருமண் உலோகம், அந்த மணலில் இருக்கும் மோனசைட் தாதுவில் மிகக் குறைவு. மணல் இருந்தும் காந்தம் செய்யும் ஆலைகள் போதவில்லை. 2025 தொடக்கத்தில் 400 சுமை ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களைத் தரைப்படை ரத்து செய்ததே சீன உதிரிபாகச் சிக்கலால்தான்.

மதுரைக்காரர்கள் இங்கே என்ன செய்யலாம்? நமக்கு ரப்பர் தெரியும். ட்ரோனில் கேமராவும் உணரிகளும் உட்காரும் தட்டுக்கு அடியில் நாலு ரப்பர் குமிழ்கள் இருக்கும். கையில் எடுத்தால் சுண்டுவிரல் நுனி அளவு. நடுவில் கழுத்துப் போல ஒடுங்கியிருக்கும். அதிர்வு தாங்கி. புரொப்பல்லர் நிமிடத்துக்கு 9,000 சுற்று சுற்றினால் அதிர்வு 150 ஹெர்ட்ஸ். ஒரு கிலோ கேமராவை நாலு குமிழ் தாங்கினால் ஒன்றுக்கு 250 கிராம். அந்தச் சுமையில் குமிழ் 0.2 மி.மீ. அமுங்க வேண்டும். அப்போது அதன் சொந்த அதிர்வெண் 35 ஹெர்ட்ஸ். கேமராவுக்குப் போய்ச் சேரும் அதிர்வு ஏறக்குறைய 17-இல் ஒரு பங்கு.

இதையே சியாச்சினுக்குக் கொண்டுபோனால்? 5,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம். அதே எடையைத் தூக்க புரொப்பல்லர் 29 சதவீதம் வேகமாகச் சுற்ற வேண்டும். சக்தியும் அதே 29 சதவீதம் கூடுதலாகச் செலவாகும். மைனஸ் 20 டிகிரியில் பேட்டரி 30 சதவீதம் இழந்தது என்று வைத்தால், இங்கே 30 நிமிடம் பறந்தது அங்கே 16 நிமிடம்தான். அதனால் புறப்படும்வரை பேட்டரியைக் கதகதப்பாக வைத்திருக்க வேண்டும். ரப்பரும் விறைக்கும். விறைப்பு நாலு மடங்கானால் சொந்த அதிர்வெண் 70 ஹெர்ட்ஸுக்கு ஏறும். புரொப்பல்லர் பழைய வேகத்திலேயே சுற்றினால்கூட, 6 சதவீதமாக இருந்த அதிர்வு 28 சதவீதமாகும். படம் தண்ணீரில் பார்ப்பதுபோல் நெளியும். அது பரவாயில்லை. அதே தட்டில் இருக்கும், வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானி அளவுக்கு மீறி ஆடினால், கணினி தான் கீழே விழுவதாகத் தப்பாகக் கணக்கிட்டு மேலே மேலே ஏற்றும். ட்ரோன் கையை மீறிப்போகும்.

சிலிகோன் ரப்பர் மைனஸ் 50-இலும் வளையும், ஆனால் கிழியும் வலிமை குறைவு. இறக்கம் பலமாக இருந்தால் கழுத்தில் கிழிந்துவிடும். இயற்கை ரப்பர் கிழியாது, ஆனால் மைனஸ் 25 டிகிரி அருகே மெல்ல மெல்லப் படிகமாகி இறுகும். இதற்கு மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். ஒரு ராத்திரி உறைபெட்டியில் வைத்துச் சோதித்து, தேறிவிட்டது என்று அனுப்பினால், முகாமில் நாலாம் நாள் கல்லாகிவிடும். எனவே ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த ஒரு நிமிடத்துக்குள் 250 கிராம் ஏற்றி, டயல் கேஜில் அமுக்கத்தைப் படியுங்கள். 0.2 மி.மீ. என்பது 0.05 ஆகியிருந்தால் விறைப்பு நாலு மடங்கு. அந்தக் கலவை மலைக்கு ஆகாது. ஒவ்வொரு கலவைத் தொகுதிக்கும் இந்த எண்களைத் தேதியோடு எழுதி வையுங்கள், வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

பிறகு பறக்கவிட்டுப் பார்க்க வேண்டும். பெருங்குடி விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள் அனுமதி இல்லாமல் ஏற்றவே கூடாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி, அதற்கு வெளியே, முன்அனுமதி வேண்டாத பச்சை மண்டலத்தில் 400 அடி. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ள மைக்ரோ வகையை வணிகம் அல்லாத சோதனைக்கு ஓட்ட, பைலட் சான்றிதழ் தேவையில்லை. மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ போகுமுன், அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அன்றைய நிலையைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். நன்றி, வணக்கம்.