மழைநீர் குடித்த கேபிள்

நேயர்களுக்கு வணக்கம். எண்பதுகளில் எங்கள் நாகப்பட்டினம் கரையோரத்தில் இலங்கையின் ரூபவாஹினி பார்ப்பதற்காக உயரமான குழாய் நட்டு ஆன்டெனா கட்டிய வீடுகள் உண்டு. மாடியில் ஒருவர் குழாயைத் திருப்புவார், கீழேயிருந்து ஒருவர், "தெரிகிறது, தெரிகிறது... ஐயோ, போய்விட்டது!" என்று கத்துவார். குழாயைத் திருப்பிய சிறுவர்களில் நானும் ஒருவன். அன்று பிடித்த பைத்தியம், பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுவதற்கான அமெச்சூர் வானொலி உரிமம் வாங்க வைத்தது, இன்றுவரை தெளியவில்லை.

இன்றும் மாடி ஆன்டெனாவைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆனால் அந்த டிவி ஆன்டெனாவுக்குக் கேட்க மட்டும்தான் தெரியும். நான் சொல்வது, கரையிலிருந்து படகுகளோடு பேசுகிற வி.எச்.எஃப், அதாவது மிக உயர் அதிர்வெண் வயர்லெஸ் நிலையத்தின் ஆன்டெனா. கடலில் படகுகள் காது கொடுத்திருக்க வேண்டிய 16ஆவது சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், அந்த வரிசையில்தான் வருகிறது.

நிலையம் அமைப்பவர்கள் வயர்லெஸ் செட்டுக்குத் தாராளமாகச் செலவு செய்வார்கள். ஆன்டெனாவுக்கும் செய்வார்கள். கேபிள் வாங்கும்போதுதான் கை சுருங்கும். "கம்பிதானே!" என்பார்கள். 25 வாட் செட்டு ஒன்று, கம்பத்துக்கு 30 மீட்டர் கேபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஜி.58 என்ற, பென்சிலைவிட மெல்லிய கேபிளைப் போட்டால் உச்சிக்குப் போய்ச் சேர்வது ஏறக்குறைய 6 வாட்தான். மீதி வழியிலேயே சூடாகிப் போய்விடும். விரல் தடிமன் உள்ள ஆர்.ஜி.213 போட்டால் 13 வாட்டாவது சேரும். போகும்போது தின்கிற கேபிள் வரும்போதும் தின்னும். தூரத்துப் படகிலிருந்து வரும் மெல்லிய குரலிலும் அதே பங்கை எடுத்துக்கொள்ளும். வீட்டில் மிச்சமிருக்கும் டிவி கேபிளையும் போடாதீர்கள். அது 75 ஓம், செட்டு கேட்பது 50 ஓம்.

உயரம் நல்லதுதான். 25 மீட்டர் உயரத்தில் கரை ஆன்டெனா, 4 மீட்டர் உயரத்தில் படகின் ஆன்டெனா என்றால் சுமார் 29 கிலோமீட்டர் வரை பேசலாம். ஆனால் கம்பத்தை இரு மடங்காக்கினால் தூரம் இரு மடங்காகாது. கேபிளின் நீளம்தான் கூடும்.

ஒரு கதை சொல்லவேண்டும். ஓர் ஐப்பசி மாதம், அடைமழை. மீனவ கிராமம் ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். "அண்ணே, செட்டு செத்துவிட்டது. ஒரு படகும் பதில் சொல்லவில்லை." இன்னொரு செட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். மாற்றிப் பார்த்தேன், அதுவும் ஊமை. ஆன்டெனாவும் கேபிளும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கும் எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டரை வைத்தால் 1.2 காட்டியது. எங்கள் தொழிலில் 1.2 என்றால் இனிப்பு வாங்கிக் கொடுக்கலாம்! மீட்டரை நம்பி, பவர் சப்ளை, மைக் என்று அரை நாள் நோண்டினேன். கடைசியில் செட்டின் பின்னாலிருந்து கேபிளைக் கழற்றி மேசைமேல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால், படகுகளின் பெயரெழுதும் நோட்டில் மை கரைந்திருந்தது. கேபிளின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மேலே, கேபிளை ஆன்டெனாவோடு இணைக்கும் கனெக்டரைச் சுற்றியிருந்த சாதாரணக் கறுப்பு டேப் வெயிலில் வெடித்திருந்தது. அந்த வழியாக நுழைந்த மழை, கேபிளுக்குள்ளிருக்கும் செம்புப் பின்னலைப் பிடித்துக்கொண்டு, திரியில் எண்ணெய் ஊறுவதுபோல ஊறி, 30 மீட்டரும் இறங்கி அறைக்குள் வந்துவிட்டது. சரி, மீட்டர் ஏன் நல்லபடியாகக் காட்டியது? அது பார்ப்பது, அனுப்பியதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை. ஈரக் கேபிள் போவதையும் தின்றது, திரும்புவதையும் தின்றது. வைக்கோல் போருக்குள் தலையை விட்டுக் கத்துங்கள், எதிரொலி வராது. அதற்காகக் குரல் ஊர் முழுக்கப் போய்விட்டது என்று நினைக்கலாமா? அதன்பிறகு ஒவ்வொரு நிலையத்திலும் கம்பத்தின் உச்சியில் ஒருமுறை வாட் மீட்டரை வைத்து, எத்தனை வாட் வந்து சேர்கிறது என்று பார்த்து எழுதிவைக்கிறேன்.

அந்த டேப்பைச் சுற்றிய கை யாருடையது என்று கேட்பீர்கள். என்னுடையதுதான். மூன்று வருடம் முன்பு, இருட்டப் போகிறதே என்ற அவசரத்தில் சுற்றியது. ஈரம் ஏறிய கேபிளைக் காயவைத்துப் பயனில்லை, முழுவதையும் மாற்றினோம்.

டேப் சுற்றுவதைக் கீற்று வேய்பவர்களிடம்தான் கற்கவேண்டும். அவர்கள் இறவாரத்தில் தொடங்கி முகட்டுக்குப் போவார்கள். மேல் கீற்று கீழ்க் கீற்றின்மேல் படிந்தால்தானே தண்ணீர் வழிந்தோடும்? டேப்பும் அப்படித்தான். முதலில், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துச் சுற்றுங்கள். அதன்மேல் வெயில் தாங்கும் பிளாஸ்டிக் டேப். அந்தக் கடைசிச் சுற்று கீழிருந்து மேலே. மறுபடியும் சொல்கிறேன், கீழிருந்து மேலே. காடி வாடை அடிக்கும் சிலிகான் பசையைக் கனெக்டர்மேல் பூசாதீர்கள். அந்தப் புளிப்பு செம்பை அரிக்கும்.

கேபிள் சுவருக்குள் நுழையுமுன் துளைக்குக் கீழே ஒரு தொங்கல் விடுங்கள். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கேபிளின் எடையைக் கனெக்டர் தாங்கக்கூடாது. கம்பத்தோடு சேர்த்து இடைவிடாமல் கட்டுங்கள், வெயிலில் நொறுங்கும் வெள்ளை பிளாஸ்டிக் பட்டியால் அல்ல.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கி. எர்த்தைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்திருந்தேன். கீற்று நேரத்தைத் தின்றுவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பத்துக்குத் தடித்த செம்புப் பட்டையால் எர்த், வளைவில்லாமல் நேராக. கேபிள் வீட்டுக்குள் நுழையுமிடத்தில் மின்னல் தடுப்பான். இந்த எர்த்தையும் வீட்டு மின்சார எர்த்தையும் கட்டாயம் ஒன்றாக இணையுங்கள்; தனித்தனியாக விட்டால் மின்னல் இரண்டுக்கும் நடுவே உங்கள் செட்டு வழியாகப் பாயும். கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடக்கூடாது. கம்பத்தின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நடுங்கள். இடி கேட்டபிறகு கேபிளைக் கழற்ற ஓடாதீர்கள்.

புரட்டாசி முடிவதற்குள் யாராவது மேலேறி அந்த டேப்பைப் பார்த்துவிடுங்கள். பெல்ட் கட்டிக்கொண்டு ஏறுங்கள், கீழே ஓர் ஆள் நிற்கட்டும். வணக்கம்.