முப்பது கதிரை, இரண்டு சமையற்காரர்: பாரிஸ் பிஸ்ட்ரோவில் ஓர் இராச்சாப்பாடு

வணக்கம் நேயர்களே.

வாசலில் ஒரு கரும்பலகை, உள்ளே முப்பது கதிரை, மேசையில் விரிப்புக் கூட இல்லை. ஆனால் தட்டில் வருவது பெரிய ஹோட்டல் தரம். பாரிஸில் இப்படியான பிஸ்ட்ரோக்கள் பல குடியிருப்புத் தெருக்களில் இருக்கின்றன. அங்கே ஒரு நல்ல இராச்சாப்பாடு எப்படி அமைகிறது என்பதைக் குசினிப் பக்கத்தில் நின்று பார்ப்போம். உள்ளே நடப்பது தெரிந்தால், எதை ஓடர் பண்ணுவது, எதை விடுவது என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

இந்த வகைக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் ஈவ் காம்ட்போர்ட். பாரிஸின் சொகுசு ஹோட்டலான ஹோட்டல் டு கிரியோனில், தலைமைச் சமையற்காரர் கிறிஸ்தியான் கொன்ஸ்தானிடம் வேலை பழகியவர். 1992இல் பாரிஸின் தெற்கு விளிம்பில், 14ஆம் வட்டாரத்தில், லா ரெகலாட் என்ற சிறு கடையைத் திறந்தார். அவர் போட்ட கணக்கு எளிமையானது. வாடகை குறைந்த இடம், ஒரே விலையில் முழுச் சாப்பாடு, வெள்ளிக் கரண்டியும் பூச்சாடியும் வேண்டாம், மலிவான இறைச்சித் துண்டு. ஆனால் கைப்பக்குவம் மட்டும் கிரியோனில் கற்றதே. பின்னாளில் வந்த ‘பிஸ்ட்ரோனமி’ என்ற பெயர் இந்த வழிக்குத்தான்.

மலிவான துண்டு என்றேன். காசை மிச்சம் பிடிக்க மட்டும் அதை வைப்பதில்லை. குசினியில் நிற்பது இரண்டு பேர், அல்லது மூன்று பேர். அடுப்பில் நாலு வாய், ஒரு அவண். எட்டரை மணிக்கு முப்பது பேரும் ஸ்டேக் கேட்டால் அந்தக் குசினி நின்றுவிடும். ஆகவே பலகையில் ஏழெட்டுச் சாப்பாடு எழுதினால், அதில் பாதி, மெதுவாக வேக வேண்டிய மலிவான துண்டுகளாக, முதல் நாளே வெந்து முடிந்ததாக இருக்கும். கெட்டிக்காரக் கடை பலகையை எழுதும்போதே அடுப்பையும் எண்ணித்தான் எழுதும்.

மாட்டுக் கன்னத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆளுக்குப் பச்சை இறைச்சி 250 கிராம் கணக்குப் பண்ண வேண்டும், ஏனென்றால் வெந்து முடிய மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடும். பதினைந்து பேருக்கு நாலு கிலோ. வெள்ளைச் சவ்வைச் சீவி, உப்புத் தூவி, தாச்சியில் நாலு நாலு துண்டாக நன்றாகச் சிவக்க வைக்கிறார்கள். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே தாச்சியில் போட்டால் தண்ணீர் விட்டு அவிந்துபோகும், நிறமும் வராது, பிறகு சோஸிலும் ருசி இராது. இரண்டு போத்தல் சிவப்பு வைனை முதலில் தனியாகக் கொதிக்கவிட்டுப் பாதியாக வற்ற வைக்க வேண்டும். பச்சை வைனை நேரே ஊற்றினால் அந்தப் புளிப்பும் காரமும் கடைசி வரை போகாது. அதோடு கரட், வெங்காயம், செலரி, இறைச்சி மூழ்குமளவுக்கு எலும்புச் சாறு. மூடி, 140 பாகை அவணில் மூன்றரை முதல் நாலு மணித்தியாலம்.

இங்கேதான் பலர் கோட்டை விடுவது. பானைக்குள் கொதி வரக்கூடாது. அசைவு தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் நார் இறுகி, உள்ளிருக்கும் சாறு வெளியே போய்விடும். மெதுவாக வெந்தால் தசைநாரில் உள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆகும். உதட்டில் ஒட்டுகிற அந்த வழுவழுப்பு அதனால் வருவது. வெந்ததும் சூட்டோடு வெளியே எடுத்து வைக்கவும் கூடாது, ஆவியோடு ஈரமும் போய்விடும். சாறோடேயே ஆறவிடுகிறார்கள். அதுவும் கண்டபடி அல்ல: 63 பாகையிலிருந்து 10 பாகைக்கு இரண்டு மணித்தியாலத்துக்குள் இறங்க வேண்டும் என்பது பிரெஞ்சுச் சுகாதார விதி. ஆழமான பானையில் விட்டால் அது நடக்காது, தட்டையான தட்டங்களுக்கு மாற்ற வேண்டும்.

அடுத்த நாள் மேலே உறைந்த கொழுப்பை எடுத்துவிட்டு, சாறை வடித்து, கரண்டியின் முதுகில் படியும் வரை வற்ற வைக்கிறார்கள். சோஸுக்கான உப்பு அதற்குப் பிறகுதான். முதலே போட்டால் வற்ற வற்ற உப்பும் ஏறும், திருத்த வழியில்லை. இரவு ஓடர் வரும்போது செய்ய வேண்டியது, சோஸைக் கரண்டியால் அள்ளி மேலே ஊற்றி ஊற்றிப் பத்து நிமிடம் சூடாக்குவது மட்டும். இறைச்சிக்கு மேல் கண்ணாடிபோல ஒரு பளபளப்பு ஏறும். மாடு சாப்பிடாத வீட்டுக்காரர் ஆட்டுத் தோளை இதே மாதிரி வைக்கலாம், நேரம் மட்டும் பார்த்துக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு ஒரு விசயம். இறைச்சி நன்றாக வெந்திருக்க வேண்டும் என்பது நம் வாய்ப் பழக்கம். பிஸ்ட்ரோவில் பாவெத் என்ற மெல்லிய ஸ்டேக்கை ‘பியான் கியூய்’, அதாவது முழுக்க வேக வைத்துத் தா என்றால், தோல் மாதிரித்தான் வரும். அது நீண்ட நார் உள்ள துண்டு. உள்ளே சிவப்பாக இருக்கும்போது, நாருக்குக் குறுக்கே வெட்டினால்தான் மெதுமை. ‘ஆ புவான்’ என்று கேட்டாலும் வேறு நாடுகளின் ‘மீடியத்தை’ விடச் சிவப்பாகவே வரும். சிவப்புப் பிடிக்காதவர்கள் தயங்காமல் கன்னத்தையே சொல்லுங்கள்.

மீன் வேறு கதை, அது முழுக்க அந்த நிமிடத்துச் சமையல். தோலைத் துணியால் ஒற்றி நன்றாக உலர்த்தி, சூடான தாச்சியில் தோல் பக்கம் வைத்து, முதல் பத்துப் பதினைந்து விநாடி கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தோல் சுருங்கித் துண்டு வளையும். சமையலில் ஐந்தில் நாலு பங்கு தோல் பக்கமே. திருப்பிப் போடுவது கடைசி அரை நிமிடம்.

அதனோடு வருவது நான்த் நகரப் பக்கத்து பெர் பிளோன் என்ற பட்டர் சோஸ். 50 கிராம் சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, 100 மில்லிலீட்டர் வெள்ளை வைன், 50 மில்லிலீட்டர் வினாகிரியோடு இரண்டு மேசைக்கரண்டி மிஞ்சும் வரை வற்ற வைத்து, குளிர்ந்த பட்டர் 250 கிராமைத் துண்டு துண்டாகப் போட்டு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 60 பாகையைத் தாண்டினால் பட்டர் பிரிந்து எண்ணெயாக மிதக்கும். ஆறவிட்டால் உறைந்து, மறுபடி சூடாக்கும்போது பிரியும். நடுவில் 50 பாகை அளவில் இரவு முழுக்க வைத்திருப்பதுதான் சிரமம். பல குசினிகளில் அதற்குச் சுடுதண்ணீர்ப் போத்தலை (தெர்மோஸ்) பாவிக்கிறார்கள், வீட்டுக்கும் அதுவே சுகம். பிரியத் தொடங்கினால் ஒரு கரண்டி குளிர்ந்த தண்ணீர் விட்டு வேகமாக அடித்தால் பெரும்பாலும் திரும்பி வரும். சோஸ் மீனுக்கு அடியில் போக வேண்டும். மொறுமொறுத்த தோலுக்கு மேல் ஊற்றுகிற கடையில் வேறு எதையாவது சாப்பிடுங்கள்.

இனி நேரக் கணக்கு. நாலு பேர் மேசை: இரண்டு கன்னம், ஒரு மீன், ஒரு பாவெத். முதலில் பாவெத் அடுப்பில் ஏறும். இரண்டு பக்கமும் சிவந்ததும் அதை ஐந்தாறு நிமிடம் ஓய்வாக வைக்க வேண்டும், உடனே வெட்டினால் சாறு வெட்டும் பலகையில் ஓடும். அந்த ஓய்வு நேரத்தில் மீன் ஏறும். கன்னம் அதற்குள் சோஸில் சூடாகிக்கொண்டிருக்கும். நாலும் ஒரே நிமிடத்தில் தட்டுக்கு வர வேண்டும். இந்த நேரம் பார்த்து மேசையில் ஒருவர் சிகரெட் பற்ற வெளியே போவார். இரண்டு நிமிடத்தில் மீன் தோல் இளகிப்போகும். புகைப்பவர்கள் முதல் தட்டு வரும் முன்னோ, சாப்பாடு முடிந்த பின்னோ போங்கள், குசினி உங்களை வாழ்த்தும்.

இனிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொக்லேட் மூஸ், பாற்சோறு எல்லாம் காலையிலேயே தயார். சூஃப்லே மட்டும் அவணை அப்படியே பிடித்துக்கொள்ளும், வெளியே வந்த சில நிமிடத்தில் இறங்கவும் செய்யும். வேண்டுமென்றால் முதல் தட்டோடு சொல்லிவிடுங்கள்.

இந்தக் குசினிகளில் நம் ஆட்களின் கை நிறைய உண்டு. 1980களில் இருந்து பாரிஸ் வந்த ஈழத்தமிழர் பலர் தட்டுக் கழுவும் ‘பிளோஞ்சராக’ நுழைந்து, மரக்கறி வெட்டி, பிறகு அடுப்புக்கு ஏறியவர்கள். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் கடைத்தெருவில் நின்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பெர் பிளோன் எப்படிப் பிரியும் என்று தமிழில் விளக்கம் கிடைக்கும்.

மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் இடம் பிடிக்கும்போதே சொல்ல வேண்டும். மேசையில் உட்கார்ந்த பிறகு கேட்டால் சலாட் மட்டும்தான் மிஞ்சும், ஏனென்றால் மரக்கறித் தட்டின் சோஸிலும் கன்றுக்குட்டி எலும்புச் சாறு இருக்கக்கூடும். ஒவ்வாமை உள்ளவர்கள் தயங்க வேண்டாம். கடுகு, செலரி, எள், கச்சான் உட்பட 14 பொருட்கள் எந்தச் சாப்பாட்டில் உண்டு என்று காட்டுவது ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி கடையின் கடமை. வீட்டுச் சமையலா, பெட்டியில் வந்ததா என்று சந்தேகம் என்றால், பட்டியலில் கூரை போட்ட தாச்சிச் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே சமைத்ததற்கான 2014ஆம் ஆண்டு அடையாளம் அது.

பாணும் குழாய்த் தண்ணீரும் சாப்பாட்டு விலைக்குள் அடங்கும். ‘கராஃப் தோ’ என்று கேட்டால் ஒரு குடுவை தருவார்கள். சேவைக் கட்டணமும் விலையிலேயே இருக்கிறது. மேலே சில்லறை வைப்பது உங்கள் விருப்பம்.

எட்டு மணி எல்லாரும் கேட்கிற நேரம், ஏழரைக்குக் கேட்டால் இடமும் கிடைக்கும், குசினியும் நிதானமாக இருக்கும். வர முடியாவிட்டால் அன்று காலையிலாவது சொல்லுங்கள். முப்பது கதிரையில் நாலு வெறுமையானால் அந்த இரவின் இலாபம் அதோடு போய்விடும். தொலைபேசி எடுப்பதென்றால் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு, மாலைச் சாப்பாடு தொடங்கும் முன் எடுங்கள். பல கடைகள் ஞாயிறும் திங்களும் பூட்டு, ஆகஸ்டில் சில கிழமைகள் முழுப் பூட்டு. அதையும் கேட்டுக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.